தம்பியின் பெயர் வரும் இடத்தில்

வாசகி ஒருவரின் கடிதம், அடையாளம் தெரியாதபடி சுருக்கியது:

"ஃபாதர், பத்து மாதங்களுக்கு முன் என் தம்பி சாலை விபத்தில் இறந்துபோனான். வயது 41, திருமணம் ஆகவில்லை, வேறு ஊரில் வேலை பார்த்தான். அந்த நேரத்தில் அம்மா இதய அறுவை சிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். இப்போது சொன்னால் அம்மாவும் போய்விடுவார் என்று அண்ணன் சொன்னார். மருத்துவரும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னார். அம்மா இல்லாமலேயே அடக்கம் நடந்தது. அப்புறம் அம்மா வீட்டுக்கு வந்தார், தேறினார், நடக்கவும் தொடங்கிவிட்டார். நாங்கள்தான் சொல்லவே இல்லை. 'நீங்க தூங்கும்போது ஃபோன் பண்ணினான்மா, உங்களை விசாரிச்சான்' என்று நான்தான் சொல்வேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். வீட்டுக்கு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி எச்சரித்துத்தான் உள்ளே விடுகிறோம். அம்மாவுக்கு 74 வயது, நினைவு தெளிவாக இருக்கிறது. முன்பு தினமும் அவனைப் பற்றிக் கேட்பார், இப்போது கேட்பது குறைந்துவிட்டது. இரவு செபமாலை முடிந்ததும் எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செபிப்பார். தம்பியின் பெயர் வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொல்கிறார். நான் செய்வது பாவமா? நற்கருணை வாங்கவே மனம் கூசுகிறது. சொல்லிவிடலாம் என்றால் அண்ணன், 'பார்வோனிடம் மருத்துவப் பெண்கள் பொய் சொன்னார்கள், கடவுள் அவர்களுக்கு நன்மைதானே செய்தார்? நாமும் ஓர் உயிரைக் காப்பாற்றத்தானே சொல்கிறோம்' என்கிறார். விவிலியம் உண்மையில் என்ன சொல்கிறது? அம்மாவின் காலம் முடியும்வரை இப்படியே விட்டுவிடலாமா?"

அன்புச் சகோதரி,

உங்கள் தம்பிக்காக வருந்துகிறேன். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பத்து மாதமாக உங்களிடம் எத்தனை பேர் இதைச் சொன்னார்களோ தெரியாது. அம்மாவைக் காப்பாற்றுகிற பரபரப்பில், நீங்களும் கூடப்பிறந்தவனைப் பறிகொடுத்தவர் என்பதை வீட்டில் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு நேரம் பிடித்தது.

என் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள். நாளைக்கே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டாம். முன்னேற்பாட்டோடு, அண்ணனையும் கூட வைத்துக்கொண்டு, ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள்.

பாவமா என்று கேட்டீர்கள். நடந்ததை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது செய்தியைத் தள்ளிப்போட்டதில் நான் குற்றம் காணவில்லை. உண்மையைச் சொல்லும் கடமைக்கும் நேரமும் இடமும் உண்டு, கேட்கிறவரின் நிலையைப் பார்த்து அன்போடு முடிவெடுக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி எண் 2488-ல் சொல்கிறது. அதுவரை நீங்கள் செய்தது காத்திருத்தல். அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, வராத ஃபோனை வந்ததாகச் சொன்னது வேறு. அது பொய்தான், உங்களுக்கும் தெரியும், அதனால்தான் மனம் கூசுகிறது. ஆனால் ஒரு பொய்யின் கனத்தை அளக்க நோக்கம், சூழ்நிலை, விளைந்த கேடு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்கிறது எண் 2484. பயத்தாலும் பாசத்தாலும் திக்குத் தெரியாமல் சொன்ன வார்த்தை அது. இதைச் சாவான பாவம் என்று நினைத்து நற்கருணையிலிருந்து ஒதுங்கி நிற்காதீர்கள். அற்பப் பாவங்களை நற்கருணையே துடைக்கிறது. பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கும் போங்கள். பத்து மாதமாகத் தனியாகத் தூக்கித் திரிகிற ஒன்றை ஒருவர் முன்னால் இறக்கி வைக்கத்தான் போகச் சொல்கிறேன்.

அண்ணன் சொன்ன மருத்துவப் பெண்கள், அதாவது பிரசவம் பார்க்கும் பெண்கள், விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரத்தில் வருகிறார்கள். சிப்ரா, பூவா என்று பெயர்களும் இருக்கின்றன. எபிரேயருக்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன எகிப்து அரசன் பார்வோனிடம் அவர்கள் உண்மையை மறைத்தார்கள். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தது அவர்கள் கடவுளுக்கு அஞ்சி நடந்ததால் என்று அந்தப் பகுதியே சொல்கிறது. அண்ணனிடம் சண்டைக்குப் போகாமல் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இந்தக் கதையை நம் வீட்டுக்குப் பொருத்தினால், பார்வோன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அம்மா அல்லவா உட்கார்ந்திருக்கிறார்?

உங்கள் வீட்டுக்கு நெருக்கமான பகுதி தொடக்கநூல் 37. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். யோசேப்பை அண்ணன்மார் விற்றுவிட்டு, ஆட்டுக்கிடாயின் இரத்தத்தில் அவன் அங்கியைத் தோய்த்து, தகப்பன் யாக்கோபிடம் அனுப்புகிறார்கள். உங்கள் அண்ணனை அவர்களோடு ஒப்பிடுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் பொறாமையில் செய்தார்கள், நீங்கள் பாசத்தில் செய்தீர்கள். நான் பார்க்கச் சொல்வது, மறைக்கப்பட்ட தகப்பனுக்கு என்ன ஆயிற்று என்பதை.

அந்த அங்கியைக் கொடுத்தபோது அவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? இதைக் கண்டெடுத்தோம், இது உம் மகனின் அங்கிதானா என்று பாரும். அவ்வளவுதான். காட்டு விலங்கு கொன்றுவிட்டது என்று அவர்கள் தகப்பனிடம் சொன்னதாக அங்கே இல்லை. யாக்கோபு தானாக அப்படி முடிவுக்கு வந்தார், அவர்கள் வாய் திறக்காமல் நின்றார்கள். "நாங்க என்ன பொய் சொன்னோம்? சொல்லாம இருந்தோம், அவ்வளவுதானே" என்று எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அந்த அங்கி என் நினைவுக்கு வரும்.

அடுத்து நடப்பதுதான் எனக்கு மிக வலிக்கிற இடம். மகன்களும் மகள்களும் எல்லோருமாகத் தகப்பனுக்கு ஆறுதல் சொல்ல வருகிறார்கள். அவர் ஆறுதல் அடைய மறுத்துவிடுகிறார். மகனோடு பாதாளத்துக்கே துக்கத்தோடு இறங்குவேன் என்கிறார். அந்தக் காட்சியைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். கிழவர் தரையில் கிடக்கிறார். சுற்றி நின்று முதுகைத் தடவிக் கொடுக்கும் கைகளில் பல, உண்மை தெரிந்த கைகள். தடவுகிறவனுக்கும் தடவப்படுகிறவருக்கும் நடுவில் ஒன்று கிடக்கிறது. அது இருக்கும்வரை எந்த ஆறுதலும் உள்ளே இறங்காது. யாக்கோபுக்குக் காரணம் தெரியாது, ஆனால் இறங்கவில்லை என்பது தெரிந்தது.

இது எத்தனை காலம் நீடித்தது என்று கணக்குப் போடலாம். விற்கப்பட்டபோது யோசேப்புக்கு 17 வயது. பார்வோன் முன் நின்றபோது 30. அதன்பின் செழிப்பான 7 ஆண்டுகள், பஞ்சத்தில் 2 ஆண்டுகள். ஆக ஏறக்குறைய 22 ஆண்டுகள் ஒரே கூடாரத்தில் உண்மையும் பொய்யும் சேர்ந்து வாழ்ந்திருக்கின்றன. யோசேப்பு உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்து யாக்கோபு எகிப்துக்கு வந்து இன்னும் 17 ஆண்டுகள் இருந்தார். இத்தனைக்கும் நடுவில் மகன்கள் தகப்பனிடம் நடந்ததை ஒப்புக்கொண்டதாகத் தொடக்கநூலில் ஒரு வரிகூடக் கிடையாது. அவர் இறந்ததும், மன்னித்துவிடச் சொல்லி அப்பா எங்களிடம் சொன்னார் என்று யோசேப்புக்கு ஆள் அனுப்புகிறார்கள். யாக்கோபு அப்படிச் சொன்னதாக முன்னால் எங்கும் இல்லை. அதைக் கேட்டு யோசேப்பு அழுதான் என்று 50-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஏன் அழுதான் என்று அங்கே விளக்கவில்லை. தகப்பன் செத்த பிறகும் இவர்களால் என்னிடம் நேராகப் பேச முடியவில்லையே என்று அழுதிருப்பான் என்பது என் எண்ணம்.

அம்மாவின் காலம் முடியும்வரை விட்டுவிடலாமா என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் இதைச் சொன்னேன். அம்மா போன பிறகும் இது உங்களுக்குள் இருக்கும். அப்போது இறக்கி வைக்க ஆளிருக்காது.

தோபித்து நூலையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். நம் விவிலியத்தில் இப்படியொரு வீட்டுக் கதை இருப்பது பெரிய கொடை. மகன் தோபியா பணம் வாங்கிவரத் தூரதேசம் போயிருக்கிறான், சொன்ன நாளில் திரும்பவில்லை. தகப்பன் தோபித்துக்கு உள்ளுக்குள் பயம். ஒருவேளை பணம் வைத்திருந்தவர் இறந்துவிட்டாரோ, கொடுக்க ஆள் இல்லையோ என்று தனக்குள் குமைகிறார். ஆனால் மனைவி அன்னா, என் பிள்ளை செத்துவிட்டான் என்று அழும்போது, கவலைப்படாதே, நன்றாகத்தான் இருப்பான் என்கிறார். அன்னா திருப்பிக் கொடுக்கும் பதில் 10-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: பேசாமல் இரும், என்னை ஏமாற்றாதீர். சொல்லிவிட்டுத் தினமும் வெளியே போய், மகன் போன வழியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை.

தோபியா உயிரோடுதான் இருந்தான், திரும்பியும் வந்தான். உங்கள் கதை அப்படியில்லை. நான் இங்கே காண்பது அந்தத் தாயின் செவியை. கணவரின் குரலில் வார்த்தை ஒன்றும் மனம் வேறொன்றுமாக இருந்ததை அவள் கேட்டுவிட்டாள். ஒரே மகனுக்காக ஒரே வீட்டில் இரண்டு பேர் தவிக்கிறார்கள், ஆளுக்கொரு மூலையில். உங்கள் வீட்டில் ஒரு மூலையில் குழாய் ஓடுகிறது, இன்னொரு மூலையில் செபமாலை.

தாவீது அரசரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அண்ணன் பேசுவதை 2 சாமுவேல் 12-ல் தாவீதின் பணியாளர் அப்படியே பேசுகிறார்கள். குழந்தை நோயுற்று ஏழாம் நாள் இறந்துவிடுகிறது. உயிரோடு இருக்கும்போதே நம் பேச்சைக் கேட்கவில்லை, இப்போது எப்படிச் சொல்வது, ஏதாவது செய்துகொண்டுவிட்டால் என்று பயப்படுகிறார்கள். தாவீது அவர்கள் தங்களுக்குள் கிசுகிசுப்பதைப் பார்க்கிறார். பார்த்தே புரிந்துகொள்கிறார். குழந்தை இறந்துவிட்டதா என்று நேராகக் கேட்கிறார். ஆம் என்கிறார்கள். அவர் எழுந்து, குளித்து, ஆண்டவரின் இல்லத்துக்குப் போகிறார். அவர்கள் பயந்தது நடக்கவில்லை. எல்லோரும் தாவீதைப் போல எழுந்து நிற்பார்கள் என்று உறுதி கொடுக்க மாட்டேன். அதே தாவீது தன் மகன் அப்சலோம் இறந்த செய்தி கேட்டு மாடியறைக்குப் போய், உனக்குப் பதிலாக நான் இறந்திருக்கக்கூடாதா என்று கதறினார். ஆனால் இரண்டு முறையும் அது அவருடைய துக்கமாக இருந்தது. யாரும் அதை அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: தம்பியின் பெயர் வரும் இடத்தில் அம்மா கொஞ்சம் நிறுத்துகிறார். சகோதரி, பத்து மாதமாக ஒரு மகன் அம்மா விழித்திருக்கும்போது ஒருதடவைகூடப் பேசவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் நின்று கிசுகிசுத்துவிட்டு உள்ளே வருகிறார்கள். மகளின் கண்கள் வீங்கியிருக்கின்றன. கேட்பதும் குறைந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. முழுதும் தெரியாவிட்டாலும், அந்தப் பெயரை எந்தச் செபத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் அவர் அங்கே நிற்கிறார். பிள்ளைகள் பயப்படுகிறார்களே என்று அவரும் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கக்கூடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. குருப்பட்டம் பெற்ற இரண்டாம் வருடம், ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்திக்கும் பணியில் இருந்தேன். விபத்தில் அடிபட்ட ஒரு முதியவர், கூட வந்த தன் மனைவி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த அம்மா அன்றைக்கே இறந்துவிட்டார். சொல்ல வேண்டாம் என்று பிள்ளைகள் என் கையைப் பிடித்துக் கெஞ்சினார்கள். அவர் என்னைக் கேட்டபோது, வேறு வார்டில் இருக்கிறார், பார்த்துக்கொள்கிறார்கள் என்றேன். அவர் சமாதானமாகி, போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் அங்கியின் நுனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து உண்மை தெரிந்த பின் என்னை வரச் சொன்னார். கோபப்படவில்லை. "சாமி, அவ சுகமாகணும்னு வேண்டிக்கிட்டுக் கிடந்தேன். அப்பவே அவ குழிக்குள்ள இருந்திருக்கா. அவ ஆத்துமாவுக்கு ஒரு பரலோக மந்திரம்கூடச் சொல்லவிடாமப் பண்ணிட்டீங்களே" என்றார்.

அவர் செபம் வீணாகவில்லை. நம்மிடம் தவறான தகவல் இருப்பதால் கடவுள் செபத்தைத் தள்ளிவிடுகிறவர் அல்ல. ஆனால் அவர் சொன்னது அதைப் பற்றி இல்லை. நாற்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்குக் கணவன் செய்யவேண்டிய கடைசிக் காரியத்தை நான் அவர் கையிலிருந்து எடுத்துவிட்டேன். இறந்தவர்களுக்காகச் செபிப்பதும் பலி ஒப்புக்கொடுப்பதும் புனிதமானது என்று 2 மக்கபேயர் 12-ஐக் காட்டி நாம் கற்பிக்கிறோம். அதைக் கற்பிக்கிற நானே அதைப் பறித்தேன். உங்கள் அம்மா தினமும் இரவு மகனின் சுகத்துக்காகச் செபிக்கிறார். அவன் ஆன்மாவுக்காகச் செபிக்க அவரைவிட உரிமை உள்ளவர் யார்? அடக்கத்துக்கு அவரால் வர முடியவில்லை, அதற்கு நோய் காரணம். அதன் பிறகு வந்த ஒவ்வொரு திருப்பலிக்கும் நோய் காரணம் இல்லை.

புனித அகுஸ்தினார் கி.பி. 420 வாக்கில் பொய்யைப் பற்றி எழுதிய நூலில் உங்கள் கேள்வியையே எடுத்துக்கொள்கிறார். கடும் நோயில் ஒருவர். அவருடைய ஒரே மகன் இறந்துவிட்டான், செய்தியைக் கேட்டால் அவர் தாங்கமாட்டார். மகன் உயிரோடு இருக்கிறானா என்று உன்னைக் கேட்டால் என்ன சொல்வாய்? இருக்கிறான் என்பதும், தெரியாது என்பதும் பொய். இறந்துவிட்டான் என்பது மட்டுமே உண்மை. பொய் சொல்லக்கூடாது என்பதுதான் அவர் முடிவு. ஆனால் இந்த உதாரணம் தன்னையே உலுக்குகிறது என்று மறைக்காமல் எழுதுகிறார். தன் மகன் அதியோதாத்துஸை இளம் வயதிலேயே பறிகொடுத்த தகப்பன் அவர். அதனால் உங்கள் அண்ணன் தடுமாறுவதை நான் குறைவாக எண்ணமாட்டேன். நீங்களும் எண்ணாதீர்கள். அம்மாவும் போய்விடுவார் என்று அவர் அன்று சொன்னது ஒரு மகனின் அலறல். அந்த அலறலை யாரும் கேட்காததால் அது இன்றுவரை வீட்டின் சட்டமாக நின்றுவிட்டது.

அவர் பயத்தில் உண்மையும் இருக்கிறது. மிகுந்த துயரத்தில் இதயத்தின் இடது கீழறை திடீரெனத் தளர்ந்து, மாரடைப்பு போலவே வலியும் மூச்சுத்திணறலும் வருவது உண்டு. 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் அதற்கு டாகோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். வயதான பெண்களுக்கு அதிகம் வருகிறது, பெரும்பாலானோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். அதனால் முதலில் நீங்களும் அண்ணனும் சேர்ந்து அம்மாவின் இதய மருத்துவரைப் பாருங்கள். இப்படிச் சொல்லப்போகிறோம், இப்போது சொல்லலாமா, என்ன ஏற்பாடு வேண்டும் என்று கேளுங்கள். அன்று பொறுக்கச் சொன்னவர் இன்றும் பொறுக்கச் சொல்கிறாரா என்று யாராவது கேட்டீர்களா? அண்ணனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: வாசலில் எச்சரிக்க மறந்த ஒரு விருந்தாளி போதும், அம்மா இதை அந்நியர் வாயிலிருந்து கேட்க. அதிர்ச்சிக்குத்தான் பயம் என்றால், அதைவிடப் பெரிய அதிர்ச்சி வேறில்லை.

இதை வாசிக்கும் வேறு யாராவது, நினைவு தப்பிப்போன பெற்றோரை வைத்திருந்தால், நான் சொல்வது அவர்களுக்கு அப்படியே பொருந்தாது. சொன்னதை மறந்து, கேட்கும்போதெல்லாம் புதிதாகக் கதறுகிறவரிடம் ஒவ்வொரு முறையும் மரணத்தை அறிவிக்க வேண்டியதில்லை. அவன் ஞாபகம் வந்துவிட்டதா, அவனைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கூட உட்கார்ந்தால் போதும்.

உங்கள் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? காலையில் சொல்லுங்கள். இரவு வேண்டாம், துக்கத்துக்கு இருட்டு மிக நீளமானது. மாத்திரை சாப்பிட்டு, இளைப்பாறிய பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் செய்தியைப் போடாமல் கேளுங்கள்: "அம்மா, தம்பியைப் பத்தி உங்க மனசுல என்ன ஓடுது?" அப்புறம் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் நீளமாக இருக்கும், நீங்கள் நிரப்பாதீர்கள். அம்மாவே சொல்லிவிடவும் கூடும்.

சொல்லும்போது இறந்துவிட்டான் என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். நம்மை விட்டுப் போய்விட்டான், ஆண்டவரிடம் இருக்கிறான் என்பதெல்லாம் பிறகு வரட்டும். யோவான் 11-ல் இயேசுவே முதலில், நம் நண்பன் இலாசர் தூங்குகிறான் என்கிறார். சீடர்கள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, தூங்கினால் நலமடைந்துவிடுவானே என்கிறார்கள். அதன்பின்தான் இலாசர் இறந்துவிட்டான் என்று வெளிப்படையாகச் சொன்னார். உயிர்த்தெழச் செய்யப் போகிறவரே அந்த வார்த்தையைச் சொல்லாமல் கடந்து போகவில்லை.

அடுத்து மன்னிப்புக் கேளுங்கள். உங்கள் நல்லதுக்குத்தான் செய்தோம் என்று ஆரம்பிக்காதீர்கள், அது மன்னிப்பைத் தின்றுவிடும். பயந்துட்டோம்மா, உங்ககிட்ட சொல்லாதது தப்பு, ஃபோன் வந்ததுன்னு நான் சொன்னது பொய், மன்னிச்சிடுங்க. அவ்வளவு போதும். ஃபோன் விஷயத்தை நீங்களே வாய்விட்டுச் சொல்வது முக்கியம். இல்லையென்றால் அம்மா ஒவ்வொரு நாளையும் பின்னோக்கிப் புரட்டி, எது உண்மை எது பொய் என்று தேடிக்கொண்டிருப்பார்.

கோபப்படுவார். உங்கள் மேல், அண்ணன் மேல், கடவுள் மேலும் இருக்கலாம். தடுக்காதீர்கள். கணவனையும் இரண்டு மகன்களையும் இழந்த நகோமி ஊர் திரும்பியபோது, என்னை நகோமி என்று அழைக்காதீர்கள், மாரா என்று அழையுங்கள், நிறைவோடு போனேன், ஆண்டவர் என்னை வெறுமையாகத் திரும்பி வரச் செய்தார் என்றாள். மாரா என்றால் கசப்பு. சுற்றி நின்ற பெண்கள், அப்படிப் பேசாதே, பாவம் என்று அவளை அடக்கியதாக ரூத்து நூலில் இல்லை. இலாசரின் சகோதரிகள் மார்த்தாவும் மரியாவும் தனித்தனியாக இயேசுவிடம் வந்து, ஆண்டவரே, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவர் கண்டிக்கவில்லை, கூட அழுதார். அம்மா ஏதாவது சொன்னால், இது கடவுளின் சித்தம் என்று யாராவது வாயெடுக்கலாம். அவரை மெதுவாக அடுத்த அறைக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

பிறகு கேள்விகள் வரும். எப்படி, எங்கே, வலித்ததா, யார் தூக்கினார்கள், என்ன உடை போட்டார்கள், யார் யார் அழுதார்கள். எல்லாவற்றுக்கும் உள்ளபடி பதில் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அடக்கத்தின் படங்கள், அவன் கடைசியாக வைத்திருந்த பை, கைக்கடிகாரம், செபமாலை எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். அவர் கேட்கும்போது கையில் கொடுங்கள். யோசேப்பு உயிரோடு இருக்கிறான் என்று மகன்கள் வந்து சொன்னபோது யாக்கோபின் உள்ளம் மரத்துப்போனது, நம்பவில்லை. யோசேப்பு அனுப்பியிருந்த வண்டிகளைக் கண்ணால் கண்ட பிறகுதான் உயிர் வந்தது. ஒரு முறை அங்கியைக் காட்டி ஏமாற்றப்பட்டவருக்கு வெறும் வார்த்தை எப்படிப் போதும்? உங்கள் அம்மாவுக்கும் தொட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும்.

அதன்பின் சில நாட்கள் நீங்கள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே இருங்கள். இரவிலும் அதே அறையில் படுங்கள். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் நற்கருணை கொண்டுவருவார். அம்மாவின் உடல்நிலை இப்படி இருக்கையில் நோயில்பூசுதல் கொடுக்கச் சொல்லியும் கேட்கலாம், அது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்ற பயம் வேண்டாம். அம்மாவுக்குத் தெம்பு வந்ததும் தம்பியின் ஆன்மாவுக்காக ஒரு திருப்பலி வையுங்கள், அம்மா முன்வரிசையில் உட்காரட்டும். கல்லறைக்கும் அழைத்துப் போங்கள். பத்து மாதம் தாமதமாகிவிட்டதே என்று நினைக்காதீர்கள். அம்மாவுக்கு அதுதான் அடக்கநாள்.

நீங்களும் அன்றைக்கு அழுதுவிடுங்கள், அம்மாவின் முன்னாலேயே. தைரியமாக இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தம்பியைப் பறிகொடுத்த பெண் தன் தாயின் மடியில் அழுவதற்குப் பத்து மாதமாகக் காத்திருக்கிறாள்.

அண்ணன் கடைசிவரை ஒத்துக்கொள்ளாவிட்டால்? இரண்டு மூன்று முறை பேசிப் பாருங்கள், பங்குத்தந்தையையும் கூட வைத்துப் பேசுங்கள், இந்தக் கடிதத்தையும் படிக்கக் கொடுங்கள். அப்படியும் முடியாவிட்டால், இந்த நாளில் சொல்லப்போகிறேன், நீங்களும் வாருங்கள் என்று தேதி சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் சொல்லாதீர்கள், இன்னொரு மறைவு அந்த வீட்டுக்கு வேண்டாம். அதற்கு முன்பே அம்மா தானாகக் கேட்டுவிட்டால், அவன் செத்துட்டானா என்று கண்ணைப் பார்த்துக் கேட்டால், தாவீதின் ஆட்கள் சொன்னதைப் போல ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அன்று இரவும் அம்மா செபமாலையை எடுப்பார் என்று நினைக்கிறேன். முடித்துவிட்டுப் பிள்ளைகளின் பெயர்களுக்கு வருவார். தம்பியின் பெயர் வரும் இடத்தில் நின்றுவிட்டால் நீங்கள் எடுத்துக் கொடுங்கள்: நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே. மீதியை அம்மா சொல்வார். அவருக்குத் தெரியும்.

தம்பியின் பெயரைக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நாளைக் காலைத் திருப்பலியில் அந்தப் பெயரைச் சொல்லி ஒப்புக்கொடுக்கிறேன்.